ஆம்பூரின் வெள்ளிக்கிழமைக் காற்று

எண்பதுகளில் ஒரு மார்கழி. ஆம்பூரில் நர்ஸாக இருந்த என் அக்கா கிரேஸுக்கு மூச்சிரைப்பு. அவள் கணவர், எங்கள் மாமாவோ, தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்னால் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார். ஆம்பூர் காற்றில் தூசி குறைகிறது என்று, கோடு இறங்கும் வரைபடத்தோடு வந்த பத்திரிகைச் செய்தியை மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மனையைப் பார்த்து அக்காவைச் சம்மதிக்க வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். விடியற்காலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். பாலாற்று மணல்மேல் பனி படுத்திருக்கும். புளியமரங்கள் ஒவ்வொன்றாக அதிலிருந்து எழுந்து வரும். நான் அரைத்தூக்கத்தில் இறங்கினேன். ஊரும் அப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை டேனரிகளுக்கு விடுமுறை, புகைபோக்கிகள் சும்மா நின்றன. மனையிலிருந்து பார்த்தால் மலை நீலமாக, கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. எனக்கே அங்கே குடியேறிவிடலாம் போலிருந்தது.

பக்கத்து மாடியில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. காற்றை இழுத்துத் தூசியைத் தாளில் பிடிக்கும் மெஷின் என்றார், அதைப் பார்த்துக்கொள்ளும் அன்வர் பாய்.

"முன்னாடி ஒரு ஜாடிதாம்மா. மாசம் பூரா கெடக்கும், விழுந்த தூசியை எடை போடுவாங்க. இப்ப புது முறை, வாரத்துல ஒரு நாள் ஓட்டுனா போதும்."

"இன்னா கிழமை ஓட்டுவீங்க பாய்?"

"வெள்ளிதான். மத்த நாள்ல டேனரி மோட்டாருங்க ஓடும், கரண்டு கம்மியா வரும், மெஷினு பேஜார் பண்ணும்."

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஜாடியின் மாதத்தையும் மெஷினின் வெள்ளிக்கிழமையையும் அந்த வரைபடத்தில் ஒரே கோடாக இழுத்திருக்கிறார்கள். கோடு இறங்காமல் என்ன செய்யும்? மாமாவிடம் சொன்னேன்.

"ஆபீஸ்ல போட்ட கணக்கு. அவங்களவிட ஒனக்கு ஜாஸ்தி தெரிஞ்சுடுச்சா?" என்று சிரித்தார்.

"சரி மாமா. நாளைக்குக் காலையில மனையில காபி குடிச்சுட்டு அப்புறம் பணம் குடுங்க."

சனிக்கிழமை காலை அக்காவும் மாமாவும் நானும் பிளாஸ்க்கோடு மனையில் போய் உட்கார்ந்தோம். அன்வர் பாய் மெஷினை நிறுத்தி, தாளை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் டேனரிச் சங்கு ஊதியது. புகை அவசரமே இல்லாமல் வந்தது. முதலில் மலையடி, பிறகு மலை, பிறகு எதிர்வீட்டு மாடி என்று ஒவ்வொன்றாக மங்கின. பயமாகவும் இருந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா அவள் முதுகைத் தடவிக்கொண்டே மலை இருந்த பக்கம் பார்த்தார். "எழுந்திரு கிரேஸு, போலாம்" என்றார்.

ஆம்பூருக்குப் பிரியாணி சாப்பிட எந்த நாளும் போகலாம். மனை பார்க்கப் போகிறவர்கள் மட்டும் சனிக்கிழமை வரை தங்குங்கள்.

அடுத்த வருடமும் கோடு இறங்கியதாகச் செய்தி வந்தது. மாமா அதை அக்காவின் மருந்து அலமாரியில் விரித்து, மேலே பாட்டில்களை அடுக்கினார்.