அக்காவின் மாத்திரையை மடித்தவர்

அக்காவின் ஆறு மாதக் குழந்தை இறந்த பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடும் குறைந்தது. மச்சான் அவளைச் சேத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனவன் நான் ஒருத்தன்தான். மதுரையில் மனநல டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். அவர் அக்காவிடம் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். மாத்திரை கொடுத்தார். வீட்டில் அவள் அதை நாக்கடியில் ஒதுக்கி, நான் திரும்பியதும் துப்பினாள்.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கோடாங்கியிடம் அவளைக் கூட்டிப் போனாள். சண்டை போடலாம் என்று நானும் போனேன். குறி சொல்கிற அந்த மனுஷன் உடுக்கையைத் தொடவே இல்லை.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிய தாயி?"

எங்கள் வீட்டில் யாருமே வாயில் எடுக்காத பெயர். அக்கா சொன்னாள். பிறகு அழுதாள், வெகுநேரம் பேசினாள். வாசலில் நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

அம்மா மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் கோடாங்கி, "டாக்டர் குடுத்தத நிறுத்தக் கூடாது. இங்கிட்டுக் கொண்டாங்க" என்றார். ஒவ்வொரு மாத்திரையையும் தன் விபூதியோடு தாளில் மடித்தார். அக்கா மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

அதன் பிறகு செவ்வாய்தோறும் அந்த வாரத்து மாத்திரைகளைச் சுமந்துபோவது என் வேலை. "தம்பி, செத்த இரும்" என்று காக்க வைப்பார். டாக்டரைக் கண்டுபிடித்தவன் நான், கும்பிடு அவருக்கு. ஒரு செவ்வாய் போகவில்லை. கடை விபூதி வாங்கி நானே மடித்தேன்.

அக்கா பிரித்து முகர்ந்தாள். "ஏலே, இது அவிய விபூதி இல்ல. வாசமடிக்கி."

"அவிய குடுத்ததுதான்."

அவள் விழுங்கவில்லை. அன்றிலிருந்து மறுபடி பேச்சு நின்றது, சோறும் நின்றது. நாலாம் நாள் அவள் எதிரே உட்கார்ந்து, "நான்தான் மடிச்சேன். அந்தாள்ட்ட மட்டும் பேசுதியேன்னு பொறாமையா இருந்துச்சு" என்றேன்.

அக்கா வாயைத் திறந்தாள். "நீ எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலியேலே. டாக்டருட்டக்கூட நீதான பேசுன."

அன்றே சைக்கிளை எடுத்தேன். நடந்ததைச் சொன்னதும் கோடாங்கி, "ஒம்ம மடிப்பு நல்லாத்தான இருந்திருக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. மாத்திரைகளை அவர் முன்னால் வைத்துவிட்டு, மடித்து முடிக்கிறவரை காத்திருந்தேன்.