சிவகாமி அக்காவும் என் வீட்டு நாயும்

செவ்வாய்க்கிழமை காலை கோட்டுச்சேரிமேட்டில், எரிந்துபோன மீட்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் மின்துறை அலுவலகத்திலிருந்து போன். "சிவகாமி மேடம் தவறிட்டாங்க. தூக்கத்துலயே." அந்த வீட்டு அம்மாள் காதிலும் விழுந்துவிட்டது. "எங்க சிவகாமியா? அதப் பாத்தா எங்க நாய்கூட குலைக்காதே!" என்று அழ ஆரம்பித்தார். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது. பொறாமைதான். வெறும் மரியாதை என்று எழுதினால் அக்காவே சிரிப்பார்.

அக்கா விழிதியூர்க்காரர்; வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்தவர். வேலைக்கு வந்த புதிதில் நாய் என்றாலே அவருக்கு உயிர் போகும். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "மீட்டர்ல என்ன காட்டுதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்பார். திரையில் தேதி, மின்னழுத்தம், யூனிட் எல்லாம் மாறி மாறி வரும். ஒரு பெரியவர் தேதியை வாசித்தார். அக்கா அதையே யூனிட்டாகப் பதிந்தார். பில்லைப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பமே அலுவலகத்தில் வந்து நின்றது. இன்னொரு புகார் வந்தால் புதுச்சேரிக்கு மாற்றல் என்று அதிகாரி சொல்லிவிட்டார். படுக்கையில் கிடக்கும் அம்மாவை விட்டு அவர் எங்கே போவார்?

நான் டிப்ளமோ படித்தவன். பழுது என்றால் உடனே சரியாக வேண்டும். தருமபுரத்தில் என் வீட்டுக்கு அழைத்துப்போய், என் நாய் டைகரின் சங்கிலியைப் பிடித்து அவர் பக்கமாக இழுத்தேன். "ஒண்ணும் பண்ணாதுக்கா, சும்மா தொடுங்க." செருப்பை விட்டுவிட்டு ஓடினார். இது ஆகாது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை அவரே வந்தார்.

"செருப்புக்கா வந்தீங்க?"

"அதுக்கும்தான். நீ உள்ள போ தம்பி. நாய அதும்பாட்டுக்கு விடு."

கேட்டுக்கு வெளியே நின்றார். நாயைப் பார்க்கவில்லை, எங்கள் மீட்டர் இருக்கும் தூணையே பார்த்தார். டைகர் குரைத்துக் குரைத்து ஓய்ந்தது. தினமும் வேலை முடிந்து வந்தார். பிறகு கேட்டுக்கு உள்ளே, பிறகு தூணருகே. ஒரு நாள் டைகர் அவர் காலடியில் படுத்துக் கொட்டாவி விட்டது. அவர் யூனிட் வரும்வரை காத்திருந்து, நிதானமாக வாசித்தார்.

அதன் பிறகு எந்த வீட்டில் கடிக்கிற நாய் என்றாலும், "சிவகாமிய அனுப்புங்க" என்பார்கள். போகட்டும். ஆனால் டைகர் என் நாய்! நான் கத்தினாலும் திரும்பாதது, பழக்கம் விடாமல் மாலையில் வரும் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும்.

"என் சோத்தத் தின்னுட்டு உங்ககிட்ட வாலாட்டுது, துரோகி."

"நீ கூப்புட்டுக்கிட்டே இருக்க தம்பி. நான் கூப்புடுறதே இல்ல. அதுவா வருது" என்று சிரித்தார். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "எங்க போவும்? இருக்கு. அதையும் பக்கத்துல பேசாம நிக்க வச்சிருக்கேன். உனக்குத்தான் நிக்கவே தெரியலயே!"

விழிதியூரில் எல்லாம் முடிந்து, வீடு திரும்பிக் குளித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் வழக்கமாக வரும் நேரம். டைகர் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டேன்; அசையவில்லை. மறுபடி கூப்பிட வாயெடுத்து, மூடிக்கொண்டேன். தூணருகே போய் மீட்டரைப் பார்த்தபடி நின்றேன். தேதி வந்தது, மின்னழுத்தம் வந்தது, யூனிட் வந்தது, மறுபடியும் தேதி. வெகுநேரம் கழித்து டைகர் எழுந்து வந்து படுத்தது. என் காலடியில் அல்ல. தூணுக்கு மறுபக்கம், அக்கா நிற்கும் இடத்தில்.

போய் வாருங்கள் அக்கா. அந்த இடம் உங்களுடையதுதான். நான் இந்தப் பக்கம் நின்றுகொள்கிறேன்.