பியூரெட்டைத் தொடாத கை

என் மகள் கடலூரிலிருந்து சிதம்பரம் போய் வேதியியல் படிக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நானோ எட்டாம் வகுப்போடு நின்று, சவாரி வருகிறவர்களின் பேச்சைக் கேட்டே மீதியைப் படித்த ஆட்டோக்காரன்.

செய்முறைத் தேர்வு நெருங்கியபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அம்மா துருவிக் கேட்டதும்தான் சொன்னாள். பியூரெட்டை அவள் ஒருநாளும் தொட்டதில்லையாம். அடியில் திருகு வைத்த நீளமான கண்ணாடிக் குழாய் அது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே நிறம் மாறும் சொட்டில் நிறுத்த வேண்டும்.

வகுப்பில் இடங்களைக் கூட்டினார்கள்; ஆய்வுக்கூடம் பழைய அளவிலேயே இருந்தது. ஒரு குழாயைச் சுற்றி ஒரு கூட்டம். கை நடுங்காதவன் திருகைப் பிடிப்பான், கையெழுத்து நன்றாக இருப்பவள் அளவை எழுதுவாள், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். என் மகளின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதுவே வினையாகிவிட்டது. தேர்வில் ஆளுக்கொரு குழாய்.

மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்யும் என் மனைவியின் தம்பி அப்போது வீட்டில் இருந்தான். "எல்லாருக்கும் எல போட்டாச்சு மாமா. பரிமாறத்தான் ஆளக் காணும். இவ்ளோ பேர ஏன் சேக்கணும்?"

"எலயக் கொறச்சா மொதல்ல நம்மளத்தான்டா எழுப்பி வுடுவாங்க" என்றேன். வாய் அப்படிச் சொன்னாலும், வெறும் இலைமுன் உட்கார்ந்திருப்பது என் பிள்ளையாயிற்றே.

வழி கண்டது மகள்தான். மாமனிடம் சலைன் ஏற்றும் குழாய் வாங்கிவரச் சொன்னாள். வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றை பாட்டிலில் ஊற்றி ஜன்னல் கம்பியில் கட்டினாள். கீழே டம்ளரில், ஆரத்திக்குக் கரைப்பதுபோல மஞ்சளும் சுண்ணாம்பும். அந்தச் சிவப்பு மறுபடி மஞ்சளாகும் சொட்டில் நிறுத்த வேண்டும். முதலில் எல்லாம் தாண்டித் தாண்டிப் போயிற்று. அவள் கண் கலங்கினாள். "ஆரத்தி கரைக்கிற வீட்ல அழுவக் கூடாதுடி" என்று சொல்லிக்கொண்டே அம்மா அடுத்த டம்ளரைக் கரைத்தாள்.

தேர்வன்று நானும் பஸ் ஏறினேன். கல்லூரி வாசலில் நின்றிருந்தபோது அவளுடைய தோழி முதலில் வெளியே வந்தாள். முகம் செத்திருந்தது. வழக்கம்போலப் பக்கத்திலிருந்தவளின் அளவையே எழுதிவிட்டாளாம். ஆளுக்கொரு அடர்த்தியில் கரைசல் கொடுத்திருந்தது பிறகுதான் தெரிந்ததாம்.

என் மகளும் எழுதியே பழகிய கைதானே. ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். அவளைக் காணோம்.

கடைசியில் வந்தாள்.

"மொத தடவ தாண்டிப் போயிடுச்சுப்பா. பக்கத்துல இருந்தவன் ரீடிங் சொல்றேன், எழுதிக்கன்னான். வேணாம்னுட்டேன். கீழ ஊத்திட்டு மறுபடி ஆரம்பிச்சேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. லேசா ரோஸ் தட்டுச்சு பாரு, அதோட மூடிட்டேன்."

மார்க் எவ்வளவு வரும் என்று அவளுக்கும் தெரியவில்லை. இதுவரை பேனா மை மட்டுமே பட்டிருந்த விரல்களில், தேர்வில் குழாயில் ஊற்றிய பர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை.

கடலூர் பஸ்ஸில் அந்தத் தோழி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஏறியதைப் பார்த்தும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. என் மகள் என்னை விட்டு எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியபோதுதான் என் மகளின் குரல் கேட்டது.

"நாளைக்கு எங்க வூட்டுக்கு வாடி. கொழா அப்படியேதான் தொங்குது."