டமாரமும் வலது சக்கரமும்

என் வீட்டுக்காரருக்கு லாரிப் பட்டறையில் டமாரம் என்று பெயர். டமாரச் செவிடு என்பதன் சுருக்கம். முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்கிய அந்தப் பெயரைக் கண்டுபிடித்த அன்றே, சிவப்புப் பெயிண்டை எடுத்துத் தன் ஸ்பானர் பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். "பின்னாடி நின்னு எதுக்குக் கஷ்டப்படறீங்க? முன்னாடியே கூப்பிடுங்க" என்றார். எழுதியது காய்வதற்குள் கேலி செய்தவர்களின் முகம் தொங்கிவிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தார் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். லாரியின் பக்கக் கண்ணாடியில் எதிர்க்கடை டயர்க்காரரின் வாய் அசைவதைப் பார்த்தே படித்துவிட்டார். ஓங்கிக் கத்தினால் கொஞ்சம் கேட்கும், அதனால்தான் புரிந்துகொள்கிறார் என்று பட்டறையே நினைத்துக்கொண்டிருந்தது. "வாயைப் பார்த்துப் படிக்கிறேன்னு வெளியில மூச்சு விடாத. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுவானுங்க" என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு.

காலமெல்லாம் லாரிக்கு அடியில் கிடந்து சுத்தியல் அடித்ததில் போன காது அது. வாங்கிக் கொடுத்த காது மிஷினைச் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். மாட்டினால் பட்டறை மொத்தமும் மண்டைக்குள் வந்து இறங்குகிறதாம்.

பட்டறை என் தம்பியுடையது. ஒட்டினாற்போல் இருக்கும் கடையில் நான் லாரிகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். ஒருநாள் காலையில் தம்பி வந்து என் மிஷின் பக்கத்தில் நின்று மீசையைத் தடவினான். அவன் மீசையைத் தடவினால் நல்ல சேதி வராது.

"அக்கா, நாளையிலிருந்து மாமா வீட்டுல இருக்கட்டும். நேத்து பின்னாடி வந்த லாரியில அடிபடாம ஒரு நூல்ல தப்பிச்சிருக்காரு. ஹார்ன் அடிச்சும் திரும்பல."

"திரும்பாத மனுஷன் நிக்கறது அவனுக்குத் தெரியலையா? காது போனவரை வீட்டுக்கு அனுப்பற, கண்ணு இல்லாம வண்டி ஓட்டறவனை எங்க அனுப்பப் போற?"

"உனக்குச் சொன்னா புரியாதுக்கா. சத்தத்தை வச்சுப் பார்க்கற வேலை இது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை இல்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்காரும் ஆளா அவர்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தாலே மின்விசிறியைக் கழற்றி வைத்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி திரும்பி வந்தது. ஓடும்போது முன்பக்கம் ஊவென்று சத்தம், இடது பக்கம்தான் என்று டிரைவர் சொல்ல, தம்பி தன் கையாலேயே இடது சக்கரத்துக்குப் புது பேரிங் போட்டு அனுப்பிய வண்டி. "அதே சத்தம்தான்" என்றார் டிரைவர். "அப்போ டயர் சத்தம்" என்றான் தம்பி.

தள்ளி நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் போய் இரும்புக் குப்பையைக் கிளறினார். தம்பி கழற்றிப் போட்ட பழைய பேரிங்கை எடுத்து டீசலில் கழுவி, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பிறகு அதைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில், நான் தைத்துக்கொண்டிருந்த ரெக்சின் மேல் வைத்தார். டீசல் கறை போகவே இல்லை என்பது வேறு விஷயம்.

"நல்ல சாமானைக் கழட்டிப் போட்டிருக்க மச்சான். கோளாறு வலது பக்கம்."

"சத்தம் இடது பக்கம் வருது மாமா!" தம்பி காதைத் தொட்டுக் காட்டிக் கத்தினான். அந்தச் சைகை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அவர் அசரவில்லை. "வலது சக்கரத்துல ஒண்ணும் இல்லைன்னா பெட்டிச் சாவியை உன் கையில குடுத்துட்டுப் போயிடறேன். இருந்தா, நான் இங்கதான் இருப்பேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு லாரியில் ஏறினார். வெறும் காலைத் தகரத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, டிரைவரிடம் கையைக் காட்டி வண்டியை இடதும் வலதுமாக வளைத்து ஓட்டச் சொன்னார். நானும் பின் சீட்டில் தொற்றிக்கொண்டேன், என்னை யார் தடுப்பது? இடது பக்கம் வளைத்தால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் போய் உட்காரும். அப்போதெல்லாம் தரை அதிர்வது என் காலுக்கே தெரிந்தது. வலது பக்கம் வளைத்தால் அடங்கியது. இடது கதவின் தகரம் லூசாக இருந்ததால், சத்தம் எங்கே பிறந்தாலும் அங்கே போய் அலறியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள்.

பட்டறையில் வலது சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்தார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இருந்தது. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் கமான் பட்டையில் வைத்தார். என்னைக் கூப்பிட்டு என் கையையும் வைக்கச் சொன்னார். நறநறவென்று உள்ளே மணல் ஓடியது போல இருந்தது. தம்பி கை வைக்கவில்லை.

மூடியைக் கழற்றி, நட்டை எடுத்து, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை இழுத்தார். பேரிங்கின் உருளைகள் கருநீலமாகக் கருகியிருந்தன. அது உட்காரும் கப்பு முழுக்க அம்மைத் தழும்பு. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தண்ணீர் நிரம்பிய வண்டியோடு இறக்கத்தில் போகிறவர் அவர்.

இவர் பழைய கப்பைத் தட்டி எடுத்துப் புதியதை உட்கார வைத்தார், பேரிங்குக்குள் கிரீஸை அழுத்தி ஊட்டினார், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஒரு துளி தளர்த்தி, நட்டு கழலாமல் இருக்கப் பின்னைப் போட்டார். இந்த முறை தம்பி தானாகவே வந்து பட்டையில் கை வைத்தான். சக்கரம் சுழன்றது. வழவழவென்று இருந்திருக்க வேண்டும், கையை எடுக்க அவனுக்கு மனமில்லை.

பிறகு மீசைக்குள்ளேயே முனகினான். "நாளைக்கு வந்துடுங்க மாமா. நான் சொன்னது தப்பு."

இவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எழுத்துகூட விட்டுப்போயிருக்காது.

"கேக்கல மச்சான்."

தம்பி குரலை உயர்த்தினான். இவர் காதருகே கையைக் குவித்தார். "என்னது?"

"நாளைக்கு வந்துடுங்க மாமா! நான் சொன்னது தப்பு!" அவன் போட்ட கத்தலில் டயர்க்காரர் கடையை விட்டு வெளியே வந்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

எனக்குத் தம்பியைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: "போதும், விடுங்க."

"இரு" என்றார் என்னைப் பார்த்து. "இன்னும் ஒரு தடவை சொல்லட்டும்."