சாஸ்தாவுக்கு ஒட்டிய டைல்ஸ்

இந்த வருடம் பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குடும்பம் சாஸ்தாவைக் கும்பிடப் போகவில்லை. காட்டுக்குள் விட முடியாது என்று வனத்துறையில் சொல்லிவிட்டார்கள். காரணம் என் கொழுந்தன்.

நாஞ்சில் நாட்டில் எந்தக் குடும்பமானாலும் உத்திரத்தன்று அவரவர் குலசாமியான சாஸ்தாவைப் போய்ப் பார்க்க வேண்டும். மற்றவர்களின் சாஸ்தா வயல்கரையிலும் குளத்தங்கரையிலும் இருக்கிறார். எங்களுக்கு வாய்த்தவர் சரணாலயத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். கோயில் எல்லாம் கிடையாது. ஓடைக்கரையில், மரங்களுக்கு நடுவே ஒரு கல். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எங்களுக்கு அனுமதி. காலையில் போய்ப் பொங்கல் விட்டு, இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் கூடாது, மரத்தில் கை வைக்கக் கூடாது, எதையும் கட்டக் கூடாது.

எனக்குப் பக்தி கொஞ்சம்தான். மற்ற நாளெல்லாம் அடுப்பும் மாடும் என் தலையில். எங்கள் சாஸ்தாவுக்கு ஆண்கள்தான் பொங்கல் விட வேண்டும். அவர்கள் புகையில் கிடந்து இருமும்போது நான் ஓடையில் காலை விட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். அதற்காகத்தான் போவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வருடம் கொழுந்தன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனும் எங்களோடு வந்தான். செக்போஸ்டில் வாச்சர் எங்களைப் பிடித்துப் பிழிந்துவிட்டார். பால் பாக்கெட்டை வெட்டித் தூக்குவாளியில் ஊற்ற வைத்தார். சூடத்தின் கவரைப் பிடுங்கினார். பிஸ்கட்டைக்கூட உறையைக் கிழித்து முந்தானையில்தான் முடிந்து கொண்டுபோனேன். அந்த நேரம் ஏதோ பெரிய இடத்து விருந்தாளிகளின் ஜீப் ஒன்று நிற்காமலேயே உள்ளே போனது. ஒரு கை சிப்ஸ் பாக்கெட்டோடு வெளியே தொங்கியது.

"அது என்ன, வாழையிலையிலயா பொதிஞ்சிருக்கு?" என்று கேட்டேன்.

"அம்மா, அது வேற பெர்மிஷன்" என்றார் வாச்சர்.

இவ்வளவு பார்த்தவர் பொங்கல் விடும் சருவப்பானைக்குள் கைவிட்டுப் பார்க்கவில்லை. மேலே தேங்காய்கள் தெரிந்தன. அடியில் சிமெண்டும், கொழுந்தன் வீட்டுக் குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளை டைல்ஸும் இருந்தன. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஓடையிலிருந்து ஏறி வரும்போது கல்லைச் சுற்றி மேடை எழும்பிவிட்டது. டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். இடம் போதவில்லை என்று பக்கத்தில் நின்ற ஒரு இளமரத்தையும் தேங்காய்க்குக் கொண்டுவந்த அரிவாளால் வெட்டிச் சாய்த்திருந்தான். என் வீட்டுக்காரர் பொங்கலைக் கிண்டியபடி, "பாக்க நல்லாத்தாண்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏலே, சாஸ்தாவ குளிமுறியில கொண்டு இருத்திட்டியா?" என்றேன்.

"சும்மா கெடங்க மைனி. எல்லாரு சாஸ்தாவுக்கும் கட்டடம் ஆச்சு. நம்மாளு மட்டும் மழையில நனைஞ்சிட்டு கெடக்காரு."

"அவரு உன்கிட்ட வந்து குடை கேட்டாரா?"

"இது நம்ம சாமி, நம்ம இடம். கவர்மெண்ட்டு நேத்து வந்தது."

"நம்ம இடமா இருந்தா என்னத்துக்குடே சருவத்துக்குள்ள ஒளிச்சுக் கொண்டுவந்த?"

அவன் அடுத்த டைல்ஸை எடுத்தான்.

சாஸ்தா இருக்கும் அந்த மரக்காவில் விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்பது சட்டம் வருமுன்பே எங்கள் குடும்பத்தில் இருந்த கட்டுப்பாடு. பொங்கலுக்கு விறகைக்கூடக் கீழேயிருந்து சுமந்துதான் போவோம். அப்படிப்பட்ட ஆட்கள்தான் பளபளப்பைப் பார்த்ததும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

இந்த வருடம் அனுமதி கேட்க நானும் வீட்டுக்காரரும் போனோம். அதிகாரி போனில் ஒரு படத்தைக் காட்டினார். காட்டுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று டைல்ஸ். பக்கத்தில் வெட்டிய மரத்தின் கட்டை.

"நாங்களே போய் இடிச்சு எடுத்திட்டு வாறோம் சார். ஒரு கடப்பாரை போதும்" என்றேன்.

"காட்டுக்குள்ள கடப்பாரை கொண்டுபோகக் கூடாதும்மா."

"அப்ப நீங்க எடுங்க."

"அதுக்கு மேலயிருந்து உத்தரவு வரணும்."

கட்டினால் குற்றம், இடிப்பதற்கும் அனுமதி இல்லை. அந்த ஜீப்பை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை சொல்ல முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். இன்றைக்கு டைல்ஸை விட்டால் நாளைக்குத் தகரக் கொட்டகை வரும், பிறகு மைக் செட், பிறகு டீக்கடை. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

"மரத்த வெட்டினது யாருன்னு சொல்லுங்க. அந்தாள் மேல கேஸ் போட்டாத்தான் அடுத்த வருஷம் உங்களுக்கு அனுமதி குடுக்கிறதப் பத்தி யோசிக்க முடியும்" என்றார்.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். பெயர், வீடு, எப்போது லீவில் வருவான் என்பது வரைக்கும்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "என் கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுத்திட்டியே" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கொழுந்தன்தான் துபாயிலிருந்து கூப்பிட்டுக் கத்தினான்.

"வந்து பதில் சொல்லுடே. டைல்ஸ் ஒட்டத் தெரிஞ்சுதுல்லா?" என்று போனை வைத்தேன்.

உத்திரத்தன்று வீட்டு முற்றத்தில் வீட்டுக்காரர் தனியாகப் பொங்கல் விட்டார். புகை கண்ணில் ஏறி இருமினார். நான் போய் அடுப்பை ஊதிக்கொடுக்கவில்லை. தொழுவத்தைக் கழுவிவிட்டேன்.