ஆசீர்வாதம் மாஸ்டரும் வெண்பொங்கல் டெஸ்ட்டும்

1. யாருடைய சீரம்?

டெஸ்ட் டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், என் பக்கம் திரும்பினார்.

"கிரேஸ், இது யாரோட சீரம்?"

"ஆசீர்வாதம் மாஸ்டரோடது, டாக்டர்."

"மாத்தி கீத்தி வெச்சிட்டீங்களா?"

லேப் டெக்னீஷியனிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரத்தம் எடுத்தது நான், லேபிள் ஒட்டினது நான். இன்னிக்கு வேற யாருக்கும் ஊசியே போடல. யாரோட மாத்தறது, என்னோடயா?" என்றேன். டாக்டர் திரும்பவும் டியூபையே பார்த்தார்.

இன்றைய டெக்னீஷியன்கள் பட்டனைத் தட்டுகிறார்கள், மிஷின் நம்பரைத் துப்புகிறது. அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அப்போது எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. ரத்தத்தை உறையவிட்டு சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும், மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் நிற்கும். நெய்யும் வெண்ணெயுமாகச் சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால், அதே சீரம் வெள்ளையாகக் கலங்கிப்போகும். வெறும் வயிற்றில் வந்ததாகச் சத்தியம் செய்பவர்களை நான் இதை வைத்துத்தான் பிடிப்பேன். "காலையில பூரியா?" என்று கேட்டால் அரண்டுபோவார்கள். எனக்கு ஜோசியம் தெரியும் என்று பக்கத்து இரும்புலியூரில் ஒரு பேச்சே இருந்தது.

2. விசில் போகப் பார்த்தது

ஆசீர்வாதம் மாஸ்டர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஆள் நல்ல பருமன். அவர் மைதானத்தில் நின்றால் பின்னால் இரண்டு பையன்கள் நிழலில் உட்காரலாம். மனுஷன் தங்கம், ஆனால் நெய் என்றால் கையை எடுக்க மாட்டார். பள்ளியின் கரஸ்பாண்டென்ட் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "பசங்களை ஓடச் சொல்ற ஆளு, நாலு அடி நடந்தா மூச்சு வாங்கறீங்க. ஸ்போர்ட்ஸ் டேக்குள்ள டாக்டர்கிட்ட ஃபிட்னெஸ் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா லைப்ரரிக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

"லைப்ரரியில விசில் ஊத முடியாது டாக்டர்" என்று எங்கள் முன்னால் சொன்னபோது மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்தில் தொங்கிய விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிக்கத்தான் தோன்றியது, ஆனால் பாவமாகவும் இருந்தது.

எங்கள் டாக்டருக்குக் கொழுப்பு விஷயத்தில் ஒரு பித்து உண்டு. "வெயிட்டை அப்புறம் பார்க்கலாம். நீங்க தின்ற நெய்யை உங்க உடம்பு என்ன பண்ணுதுன்னு முதல்ல பார்க்கலாம்" என்றார். ஆஸ்பத்திரி கிச்சனில் நெய் சொட்டச் சொட்ட வெண்பொங்கல் செய்து காலையில் மாஸ்டருக்குக் கொடுத்தோம். என் சர்வீஸில் நோயாளி இன்னொரு கரண்டி கேட்ட டெஸ்ட் இது ஒன்றுதான். மதியம் ரத்தம் எடுத்துச் சுற்றினேன். டிகாக்ஷன் ஊற்றினால் காபியாகக் குடித்துவிடலாம், சீரம் அப்படி வெள்ளையாக இருந்தது.

"நெய்யை வாங்கி எரிக்க வேண்டியது தசை. உங்க தசை தூங்குது மாஸ்டர். வேலை கிடைக்காத நெய் ரத்தத்துல சுத்திட்டு, கடைசியில வயித்துல குடியேறுது. சாயங்காலம் நல்லா வேர்க்க நடங்க, தசையை எழுப்புங்க" என்றார் டாக்டர்.

மாஸ்டர் நடந்தார். இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாகப் பெருங்களத்தூர் வரை போய்த் திரும்புவார். பஸ் கண்டக்டர்களுக்குப் பொறுக்கவில்லை. வண்டியை நிறுத்தி, "இன்னா மாஸ்டர், இப்டி நடந்துகினு கீறே? ஏறு, டிக்கெட்டு நான் பாத்துக்கறேன்" என்பார்களாம். அந்த ஆசைக்கும் மயங்காமல் சில வாரம் நடந்தார். ஆனால் எடை மிஷினின் முள் மட்டும் மரியாதைக்குக்கூட நகரவில்லை.

3. இளநீரும் பாலும்

அந்த நிலைமையில் செய்த இரண்டாவது பொங்கல் டெஸ்ட்டில்தான் டாக்டர் என்னைச் சந்தேகப்பட்டது. அதே பொங்கல், அதே நெய். சீரமோ இளநீர் மாதிரி லேசான கலங்கலோடு நின்றது.

என்னை விட்டுவிட்டு, டாக்டர் அடுத்து வார்டு பாய் கன்னியப்பனைப் பிடித்தார். "மாஸ்டர் பொங்கலைச் சாப்பிட்டாரா, வெளியில நாய்க்குப் போட்டாரா?"

"நாய்க்கா? தட்டை வயிச்சி எத்துகினாரு சார். ஒரு பருக்கை கீய வுழல. நாயி பாத்துகினே இருந்திச்சி, பாவம்."

டாக்டர் திருப்தியாகவில்லை. "ஒழுங்கான முறையில திரும்பச் செய்வோம். மாஸ்டர், மூணு நாள் கம்ப்ளீட் ரெஸ்ட். நடக்கக் கூடாது. டெஸ்ட்டுக்கு ரிக்‌ஷாவில வாங்க" என்றார். அது எங்கள் வழக்கம்தான். ரத்தப் பரிசோதனை என்றால் ஆள் ஓய்வாக இருக்க வேண்டும் என்று நானும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மாஸ்டரோ டிரில் சொல்லிக்கொடுக்கும் ஆள். ஆர்டர் என்றால் ஆர்டர்தான்.

மூன்றாவது டெஸ்ட்டில் சீரம் மறுபடி பால் மாதிரி வெள்ளையாக வந்தது.

"அப்போ போன தடவை எங்கயோ தப்பு நடந்திருக்கு. இதை வெச்சு நான் எப்படி சர்டிபிகேட் எழுதறது?" என்றார் டாக்டர். ஸ்போர்ட்ஸ் டே அடுத்த வாரம். மாஸ்டர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே, என் டியூபைக் குறை சொன்னதற்கு டாக்டர்மேல் ஆத்திரம் வேறு.

அப்போதுதான் கூட வந்திருந்த மாஸ்டரின் மனைவி ரூபி அக்கா வெடித்தார். "ரெஸ்ட் எடுக்கச் சொன்னாலும் சொன்னீங்க டாக்டர்! மூணு நாளா பாயை விட்டு எழுந்திருக்கலை. தண்ணி மோந்து குடிக்கக்கூட என்னையே கூப்பிடறார். கேட்டா டாக்டர் ஆர்டராம்! இவ்வளவு நாள் சாயங்காலமானா சிட்டா பறந்த மனுஷன்!"

டாக்டர் சட்டென்று மாஸ்டர் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இளநீர் மாதிரி வந்துதே, அதுக்கு முந்தின சாயங்காலம் நடந்தீங்களா?"

"நடந்தேனே டாக்டர். பெருங்களத்தூர் வரைக்கும்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எழுந்த தசையை நானே தட்டித் தூங்க வெச்சிருக்கேன். இன்னிக்கு நடங்க, நாளைக்கும் நடங்க, அதுக்கு மறுநாள் பொங்கலுக்கு வாங்க" என்றார். என்னைப் பார்த்து, "ஸாரி கிரேஸ்" என்றும் சொன்னார். அதை அன்று இரண்டு தரம் சொல்ல வைத்தேன்.

4. நேற்று நடந்தீர்களா?

நான்காவது டெஸ்ட்டில் சீரம் இளநீராக வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் டியூபைத் தூக்கிக்கொண்டு வெயிட்டிங் ஹாலுக்கே ஓடினேன். மாஸ்டருக்கு மட்டும் முகத்தில் பாதிச் சிரிப்புதான்.

"எடை குறையலையே டாக்டர்?"

"குறையறப்போ குறையட்டும். ஒரே பொங்கலை உங்க உடம்பு இப்போ வேற மாதிரி செலவு பண்ணுது. முள்ளுக்குத் தெரியாதது டியூபுக்குத் தெரிஞ்சிருக்கு."

"மூணு நாள் படுத்தா எல்லாம் போயிடுதே? அப்போ இத்தனை வாரம் நடந்ததுக்கு மதிப்பே இல்லையா?"

"போன வாரம் குளிச்சேன்னு இந்த வாரம் குளிக்காம இருப்பீங்களா? அது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, மைதானத்தைச் சுற்றி நடக்கவிட்டு நாடியும் பார்த்த பிறகே சர்டிபிகேட் எழுதினார். வேலைக்குத் தகுதியானவர், தினமும் நடக்கும்வரை என்று ஒரு வரி சேர்த்திருந்தார். ஸ்போர்ட்ஸ் டே அன்று மாஸ்டர் ஊதிய விசில் ரயில்வே லைனைத் தாண்டி எங்கள் லேபில் கேட்டது.

அதற்குப் பிறகு எந்த டியூபைப் பார்த்தாலும், என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு நேற்று நடந்தீர்களா என்றும் கேட்கக் கற்றுக்கொண்டேன். இளைய டெக்னீஷியன்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். டியூபுக்குள் பொங்கல் மட்டும் தெரிவதில்லை, முந்தின நாள் சாயங்காலமும் தெரிகிறது.

சில வருடம் கழித்து, நான் போன பஸ் பெருங்களத்தூரில் நின்றபோது வெளியே மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தார். பருமன் அப்படியே இருந்தது. "மாஸ்டர், எடை குறைஞ்சுதா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"அதெல்லாம் கேக்காதீங்க சிஸ்டர்! நேத்து நடந்தேனான்னு கேளுங்க!" என்று கத்திவிட்டு, விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். கண்டக்டர் ஊதியதாக நினைத்து டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார்.