கதி என்று ஓர் அறை

அக்கா வீட்டுக் கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் காகிதத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் கோழிக்கிறுக்கலில், தட்ட வேண்டிய கட்டளைகள் இரண்டே வரிகள். உள்ளே போக: கதி. வெளியே வர: எக்ஸிட்.

தெலுங்கில் கதி என்றால் அறை. திருப்பதியில் கணினி பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். பாதி யோசனை தெலுங்கில்தான் வரும். சித்தூரில் அக்காவின் வீட்டுக்காரரான மாமா அதைத் தமிழாகப் படித்துவிட்டு, "இதான் என் கதின்னு எழுதியே ஒட்டிட்டியா மச்சான்?" என்றார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்த மனிதர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

எங்கள் சபையின் அடக்கப் பதிவேட்டைத் தட்டெழுதித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். மிஷன் காலத்துச் சாவுகளில் தொடங்கும் செல்லரித்த தாள்கள். அவர் விரலுக்குப் பழகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ, அந்தக் கணினியை இயக்கும் புதிய லினக்ஸில் ஓடாது. ஆகவே ஒரு கோப்புறைக்குள் சின்னதாக ஒரு பழைய லினக்ஸை நிறுவி, அதற்குக் கதி என்று பெயர் வைத்தேன். உள்ளே நுழைந்துவிட்டால் அந்தக் கோப்புறைதான் உலகம்; வெளியே ஒன்று இருப்பதே தெரியாது. அவர் அடிப்பது மட்டும் வெளியே பத்திரமாக இருக்கட்டும் என்று, அவருடைய சொந்தக் கோப்புறையை அறைக்குள்ளும் தெரியும்படி இணைத்தேன். ஒரே வீட்டுக்கு இன்னொரு வாசல்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் உட்கார்ந்து அடித்தார். "என் பேரு அதுல ஏறுறதுக்குள்ள முடிச்சிக்கினா போதும்" என்பார்.

முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து போனேன். எழுத்து உடைந்து உடைந்து தெரிகிறது என்றார். எனக்குக் கை அரித்தது. பழைய அறையை இடித்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று, இணைப்பைக் கழற்றாமலே கோப்புறையை அழித்தேன். அந்த இன்னொரு வாசல் வழியாக, அவர் அடித்ததெல்லாம் இருந்த வீடும் போனது. "பேக்கப் எடுத்தியா?" என்று வாடிக்கையாளர்களை அதட்டுவதில் திருப்பதியில் என்னை மிஞ்ச ஆளில்லை. இங்கே எடுத்திருக்கவில்லை. எலும்பு உடைந்தாலாவது கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூர் போகலாம்.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஜோக் வரவில்லை. அவருக்கு வந்தது. "உடு மச்சான். செத்தவங்கதானே, எங்க ஓடிடப் போறாங்க?" சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரமே முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். கால்வாசிகூடத் தாண்டவில்லை.

மீதியை நான் அடித்தேன், ஞாயிறுதோறும், அதே அறைக்குள் போய். நகல்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. புத்தி வந்த நேரம் அப்படி. போன வாரம் கடைசிப் பக்கம். கடைசி வரியில் போதகரின் கையெழுத்தில் மாமாவின் பெயர். காரணம் என்ற கட்டத்தில் சிறுநீரகம் என்று மட்டும் இருந்தது. என்னைப் பற்றி ஒன்றுமில்லை. இருந்தபடியே அடித்தேன்.

பிறகு அந்த மஞ்சள் துண்டைப் பார்த்தேன். இரண்டாவது வரி. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. கை போகவில்லை.

"முடிஞ்சிதாடா?" என்று சமையலறையிலிருந்து அக்கா கேட்டாள்.

"இன்னும் உள்ளதான் கீறேன்கா" என்றேன்.